லேபர் கோர்ட் உத்தரவை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பா?

வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, 50 சதவீத பின்சம்பளம் (வேலை இல்லாத காலத்துச் சம்பளம்) என்று லேபர் கோர்ட்டின் அவார்டு, அதாவது தீர்ப்பு, வந்துவிட்டது. தொழிலாளி வேலைக்குப் போனால் செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்துகிறார். மாதங்கள் ஓடுகின்றன. இந்த நிலையில் இருப்பவர் வக்கீலிடம் முதலில் கேட்பது, "ஐயா, கன்டெம்ப்ட் (நீதிமன்ற அவமதிப்பு மனு) போட்டுவிடலாமா?" என்றுதான். கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழியில் இறங்கி ஓராண்டு, இரண்டாண்டு கழித்து "மனு நிலைக்கத்தக்கதல்ல" என்ற ஒரு வரியோடு திரும்புகிறவர்கள் ஏராளம். அதற்குள் உண்மையில் பலன் தரக்கூடிய மனுக்களின் காலக்கெடு தாண்டிவிடுகிறது. எங்கே சிக்கல் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். கீழே சொல்லும் வழிகள் 1947 தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வந்த அவார்டுகளுக்கு உரியவை; 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்குப் புதிய சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, அவற்றைப் பிரித்தால்தான் பதில் கிடைக்கும். உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது ஒன்று. நீதிமன்றத்தை இழிவுபடுத்துவது, விசாரணையில் குறுக்கிடுவது இன்னொன்று. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் முதலாவதை பிரிவு 2(பி)-யில் உரிமையியல் அவமதிப்பு என்றும், இரண்டாவதை 2(சி)-யில் குற்றவியல் அவமதிப்பு என்றும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் அதிகபட்ச தண்டனை ஒன்றே: 6 மாத வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடைமுறை மட்டும் வெவ்வேறு.

கீழ் நீதிமன்றங்கள் சம்பந்தப்பட்ட அவமதிப்பை உயர் நீதிமன்றம் தண்டிப்பது அதே சட்டத்தின் பிரிவு 10-ன்படி. தனக்கு எதிரான அவமதிப்பைத் தண்டிக்க எந்த அதிகாரம் இருக்கிறதோ, அதே அதிகாரம் தனக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றங்கள் விஷயத்திலும் உண்டு என்கிறது அந்தப் பிரிவு. ஆக, தாண்ட வேண்டிய படிகள் இரண்டு. லேபர் கோர்ட் ஒரு 'நீதிமன்றமா' என்பது முதல் படி. அது உயர் நீதிமன்றத்துக்குக் 'கீழ்ப்பட்டதா' என்பது அடுத்தது. 'நீதிமன்றம்' என்ற சொல்லுக்கு 1971 சட்டம் விளக்கம் எதுவும் தரவில்லை. இத்தனை ஆண்டு வாதமும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பெயர்ப் பலகையில் 'நீதிமன்றம்' என்று எழுதியிருப்பதால் மட்டும் இதில் ஒன்றும் தீர்ந்துவிடாது.

உச்ச நீதிமன்றம் இதை ஆரம்பத்திலிருந்தே தொட்டிருக்கிறது. 1950-ல் பாரத் வங்கி வழக்கில், தொழில் தீர்ப்பாயம் நீதிமன்றத்துக்குரிய பல அடையாளங்களைக் கொண்டிருந்தாலும் முழுப் பொருளில் நீதிமன்றம் அல்ல, ஆனாலும் அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ் அதன் அவார்டை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு வரலாம் என்ற நிலை உருவானது. 1955-ல் பிரஜ்நந்தன் சின்கா வழக்கு அவமதிப்புச் சட்டத்தையே நேரடியாக எடுத்துக்கொண்டது. அரசு ஊழியர் மீதான விசாரணை ஆணையர் நீதிமன்றமா என்பது அங்கே கேள்வி. சாட்சியை அழைக்கலாம், சத்தியப்பிரமாணம் செய்துவைக்கலாம், ஆவணம் கேட்கலாம், இவை மட்டும் போதாது. இறுதித்தன்மையும் கட்டுப்படுத்தும் வலுவும் உள்ள முடிவைத் தானே தரும் அதிகாரம் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆணையர் வெறும் அறிக்கைதான் தருகிறார், எனவே அவர் நீதிமன்றம் அல்ல.

1967-ல் ஜுகல் கிஷோர் சின்கா வழக்கு எதிர்த் திசையில் போனது. கூட்டுறவுச் சங்கத் தகராறை விசாரித்த உதவிப் பதிவாளரை, அவமதிப்புச் சட்டத்துக்கு நீதிமன்றம் என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தகராறை சிவில் கோர்ட் தொட முடியாது, பதிவாளர் தரும் முடிவு தரப்பினரைக் கட்டுப்படுத்தும், அரசியலமைப்பின் 227-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அவர்மேல் உண்டு. இந்த மூன்றையும் லேபர் கோர்ட்டுக்கு வைத்துப் பாருங்கள், மூன்றும் பொருந்தும். லேபர் கோர்ட் பக்கம் வாதிடுகிறவருக்கு இதைவிட வலுவான ஆயுதம் வேறு இல்லை. கூடவே 1998-ல் வந்த மகாராஷ்டிர அரசு எதிர் லேபர் லா பிராக்டிஷனர்ஸ் சங்கம் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். லேபர் கோர்ட் நீதிபதிகள் மாநில நீதித்துறைப் பணியைச் சேர்ந்தவர்கள், அவர்கள் செய்வது அடிப்படையில் நீதிப்பணி என்று அதில் சொல்லப்பட்டது.

இனி எதிர்ப்பக்கம். 1947 தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு 11-ஐ வரி வரியாகப் படித்தால் நாடாளுமன்றம் எவ்வளவு அளந்து கொடுத்திருக்கிறது என்பது தெரியும். 11(3) நான்கு காரியங்களுக்கு மட்டும் சிவில் கோர்ட் அதிகாரம் தருகிறது: ஆளை வரவழைத்துச் சத்தியத்தின்மேல் விசாரிப்பது, ஆவணங்களைக் கொண்டுவரச் செய்வது, சாட்சி விசாரணைக்குக் கமிஷன் அனுப்புவது, விதிகளில் குறிப்பிடப்படும் பிற விஷயங்கள். அந்த விசாரணை பழைய தண்டனைச் சட்டத்தின் 193, 228 பிரிவுகளுக்கு நீதிமுறை நடவடிக்கையாகக் கருதப்படும் என்றும் சொல்கிறது. 11(8) பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 345, 346, 348 ஆகிய மூன்று பிரிவுகளுக்கு மட்டும் சிவில் கோர்ட்டாகக் கருதச் சொல்கிறது. 'இதற்காக மட்டும் கருதப்படும்' என்று ஒரு சட்டம் எழுதினால், மற்றதற்கெல்லாம் அப்படி இல்லை என்று படிப்பது இயல்பு. 1969-ல் அத்தானி நகர்மன்ற வழக்கில், சேர வேண்டிய பணத்தைக் கணக்கிடக் கேட்டு லேபர் கோர்ட்டில் போடும் 33சி(2) மனுவுக்குக் காலவரம்புச் சட்டத்தின் 137-வது இனம் பொருந்தாது, அது நீதிமன்றங்களுக்கு மட்டுமே உரியது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்ததும் இதே போக்கில்தான். ஒரு சட்டத்துக்கு நீதிமன்றமாக இருப்பது இன்னொரு சட்டத்துக்கு நீதிமன்றமாக இல்லாமல் போகலாம்.

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக வலுவாகத் தெரியும் வாதம் வேறொன்று. தீர்ப்பாயத்துக்கு அவமதிப்பு அதிகாரம் கொடுக்க நினைத்த இடங்களில் சட்டமியற்றியவர்கள் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். 1985 நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 17, உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதே அவமதிப்பு அதிகாரத்தை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத் தருகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 425-வது பிரிவு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கும் அப்படியே. மகாராஷ்டிரத்தில் தொழிற்சங்க அங்கீகாரம், நேர்மையற்ற தொழில் நடைமுறைகள் குறித்த 1971 சட்டத்தின் 48-வது பிரிவில், குறிப்பிட்ட உத்தரவுகளை மீறினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அதனால் அங்கே நேர்மையற்ற நடைமுறை புகார் போட்டு உத்தரவு வாங்கியவருக்கு இருக்கும் பலம், தமிழ்நாட்டில் மத்தியச் சட்டத்தின் கீழ் அவார்டு வாங்கியவருக்கு இல்லை. 1947 சட்டத்தில் அவமதிப்பு அதிகாரம் தரும் பிரிவே கிடையாது; மீறலுக்குத் தண்டனை உண்டு, ஆனால் கீழே சொல்வதுபோல் தொழிலாளி தானாக அந்த வழக்கைப் போட முடியாது.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. என் முடிவு இது. குற்றவியல் அவமதிப்பு என்ற அளவில், லேபர் கோர்ட்டை பிரிவு 10-ன் கீழ் வரும் நீதிமன்றமாக ஏற்பதே 1967, 1998 தீர்ப்புகளோடு ஒத்துப்போகும். அவார்டை நிறைவேற்றவில்லை என்ற புகாருக்கு அவமதிப்பு மனு அநேகமாக உதவாது. லேபர் கோர்ட் நீதிமன்றம் அல்ல என்பதால் வரும் தோல்வியைவிட, 'நிறைவேற்ற அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அங்கே போ' என்பதால் வரும் தோல்வியே அதிகம். அவமதிப்பு அதிகாரம் நிறைவேற்று மனுவுக்கு மாற்று அல்ல, வேண்டுமென்றே செய்த மீறல் என்று காட்டப்பட வேண்டும் என்பதை 1999-ல் கபில்தேவ் பிரசாத் சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

முதலில் அவமரியாதையைப் பார்ப்போம். குறுக்கு விசாரணையின்போது ஒருவர் சாட்சிக் கூண்டிலிருந்து ஆவணத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறார், லேபர் கோர்ட்டை நடத்தும் தலைமை அலுவலரைப் பார்த்துக் கத்துகிறார் என்று வையுங்கள். 11(8) கைகொடுக்கும் இடம் இதுதான். பழைய 345, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 384. அதன்படி கோர்ட் தன் முன்னிலையில் நடந்த குற்றத்துக்கு, அன்று அமர்வு கலைவதற்கு முன்பாகவே ஆளைக் காவலில் வைத்து, விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுத்து, அபராதம் விதிக்கலாம். பழைய சட்டத்தில் 200 ரூபாயாக இருந்தது, இப்போது 1,000. கட்டத் தவறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல். என்ன நடந்தது, அந்த ஆள் என்ன சொன்னார், விசாரணை அப்போது எந்தக் கட்டத்தில் இருந்தது, குறுக்கீடு எப்படிப்பட்டது என்பதையெல்லாம் பதிவு செய்தே ஆக வேண்டும். இங்கேதான் பல உத்தரவுகள் மேலே போய் உடைகின்றன. கோபத்தில் அபராதத்தை எழுதிவிட்டு, சொன்ன வார்த்தைகளைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அன்றைய அமர்வு முடிந்துவிட்டால் இந்த வழி மூடிக்கொள்ளும். இதைவிடக் கடுமையான தண்டனை தேவை என்று தோன்றினால், பழைய 346-ன்படி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். மன்னிப்புக் கேட்டால் 348-ன்படி விடுவிக்கலாம்.

அந்தப் பட்டியலில் 349 இல்லை என்பதைக் கவனியுங்கள். சாட்சி பதில் சொல்ல மறுத்தாலோ கையிலிருக்கும் ஆவணத்தைத் தர மறுத்தாலோ 7 நாள் வரை காவலில் வைக்கும் பிரிவு அது. நிர்வாகம் மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) கொண்டுவராமல் இழுத்தடிக்கும்போது "349 போடுங்கள்" என்று கேட்பது வீண். 11(3) அதிகாரத்தில் ஆவணம் கேட்டு முறையாக உத்தரவு வாங்கி, அப்போதும் தராவிட்டால் எதிரிடை அனுமானம் (மறைத்த ஆவணம் அவர்களுக்கே பாதகமானது என்ற முடிவு) எடுக்கச் சொல்லி வாதத்தில் வற்புறுத்துவதுதான் பலன் தரும்.

கோர்ட்டுக்கு வெளியே நடப்பது வேறு கதை. தலைமை அலுவலர் பணம் வாங்கிக்கொண்டுதான் அவார்டு போட்டார் என்று நோட்டீஸ் அச்சடித்து ஒட்டினால், அது 2(சி)-க்குள் வரும். இதற்கு அவமதிப்புச் சட்டம் 15(2)-ன்படி அந்தக் கீழ் நீதிமன்றமே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது அட்வகேட் ஜெனரல் மனு போட வேண்டும். தொழிலாளியோ நிர்வாகமோ நேரடியாகப் போய் நிற்க முடியாது. அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 10-ல் உள்ள காப்புரையை (விதிவிலக்கை) காட்டி, 'இது தண்டனைச் சட்டத்தின் கீழும் குற்றம், எனவே அவமதிப்பு விசாரணை கூடாது' என்று எதிர்வாதம் வரும். அதற்குப் பதில் 1952-லேயே பத்தின ராமகிருஷ்ண ரெட்டி எதிர் சென்னை மாநிலம் வழக்கில் வந்துவிட்டது. அந்தச் செயல் தண்டனைச் சட்டத்தில் அவமதிப்பாகவே தண்டிக்கப்பட்டால்தான் தடை. அவதூறு போன்ற வேறு குற்றமாகவும் இருப்பது தடையல்ல.

இனி, கீழ்ப்படியாத நிர்வாகம். அவார்டு கையில் வந்த அன்றே நிறைவேற்றக் கேட்க முடியாது. தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு 17-ன்படி அரசு அதை வெளியிட வேண்டும். வெளியிட்டு 30 நாள் முடிந்த பிறகே 17ஏ-யின்படி அது அமலுக்கு வரும். வெளியீட்டுத் தேதியைத் தெரிந்துகொள்ளாமல் மனு போட்டு 'முன்கூட்டிய மனு' என்று தள்ளுபடி வாங்கியவர்கள் உண்டு. எனவே அவார்டு நகலோடு வெளியீட்டு அறிவிப்பின் நகலையும் வாங்கி வையுங்கள்.

அமலுக்கு வந்ததும் தொழிலாளி செய்ய வேண்டிய முதல் காரியம், எழுத்து மூலம் வேலைக்கு ஆஜராவது. அவார்டு எண், தேதி, அமலான தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'இன்ன தேதி இன்ன ஷிப்டுக்கு வேலைக்கு வருகிறேன்' என்று ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், கூடவே கம்பெனி மின்னஞ்சலுக்கும். கேட்டில் மறுத்தால் அன்றே இன்னொரு கடிதம்: யார் மறுத்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார். இந்த இரண்டு கடிதங்களும் இல்லாமல் போனால் பின்னால் 'அவர் வரவே இல்லை' என்பது நிர்வாகத்தின் முதல் பதிலாக இருக்கும்.

பணத்துக்கு 33சி. தொகை அவார்டிலேயே தெளிவாக இருந்தாலோ, வெறும் பெருக்கலில் வந்தாலோ 33சி(1) போதும். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 14,000 ரூபாய், வேலை இல்லாத காலம் 30 மாதம், பின்சம்பளம் 50 சதவீதம் என்றால் 2,10,000 ரூபாய். இதைச் சொல்ல விசாரணை தேவையில்லை. அரசிடம் மனு கொடுத்தால், அரசு மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பும், அவர் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும். பணம் சேர வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால் பிறகும் ஏற்கலாம், ஆனால் அந்தக் காரணத்தை எழுதியே ஆக வேண்டும். 'கன்டெம்ப்ட் நிலுவையில் இருந்தது' என்ற காரணம் ஏற்கப்படும் என்று நம்பி உட்காராதீர்கள்.

கணக்கில் தகராறு இருந்தால் (இன்கிரிமென்ட், சம்பள ஒப்பந்த உயர்வு, போனஸ் எல்லாம் சேர வேண்டியிருந்தால்) 33சி(2)-ல் லேபர் கோர்ட்டே கணக்கிடும். ஆனால் ஏற்கெனவே நிலைநிறுத்தப்பட்ட உரிமையை மட்டுமே அங்கே பணமாக்க முடியும். உரிமையே தகராறில் இருந்தால் அந்த மனு நிற்காது என்று 1994-ல் கணேஷ் ரசாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2010 திருத்தத்தில் வந்த 11(9), 11(10) பிரிவுகளைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். அவார்டை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது கட்டளைப்படி நிறைவேற்றலாம். லேபர் கோர்ட் அதை அதிகார வரம்புள்ள சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த கோர்ட் தன் சொந்த டிகிரியை (தீர்ப்பாணையை) போலவே நிறைவேற்ற வேண்டும். நிர்வாகத்தின் வங்கிக் கணக்கு எண்ணும் கிளையும் தெரிந்தால் ஜப்தி கேட்கலாம். சம்பளம் வரவான பழைய பாஸ்புக்கில் எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்தது என்பது பெரும்பாலும் தெரியும், அதைத் தேடி எடுங்கள். மீண்டும் வேலை கொடுக்கும் பகுதிக்கு அந்தக் கட்டளையின் 32-வது விதியை வைத்து வாதாட இடமுண்டு. பண வசூலைப்போல அது நேராக ஓடாது.

தண்டனை வேண்டும் என்றால் பிரிவு 29 இருக்கிறது: அவார்டை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் வரை மேலும் அபராதம். வசூலான அபராதத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகத் தரவும் கோர்ட் சொல்லலாம். பிரிவு 34-தான் இங்கே கதவை அடைக்கிறது. அரசோ, அரசின் அதிகாரம் பெற்றவரோ புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் எடுக்க முடியும். அவார்டை அமல்படுத்தாதது ஐந்தாம் அட்டவணையில் நேர்மையற்ற தொழில் நடைமுறை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் தொழிலாளி தானாகப் போய் வழக்குப் போட முடியாது.

அரசு அசையவில்லை என்றால் என்ன செய்வது? அப்போதுதான் அவமதிப்பு அதிகாரம் நேர்வழியில் உள்ளே வருகிறது. 33சி(1) மனு மீது குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க, அல்லது சான்றிதழ்படி வசூலிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுங்கள். அங்கே 'எட்டு வாரத்துக்குள்' என்று ஓர் உத்தரவு வந்துவிட்டால், அதை மீறுவது உயர் நீதிமன்றத்தின் உத்தரவையே மீறுவது. லேபர் கோர்ட் நீதிமன்றமா இல்லையா என்ற கேள்வி அதோடு எழவே எழாது.

நிர்வாகமே அவார்டை எதிர்த்து ரிட் போட்டிருந்தால் இன்னும் நல்ல வாய்ப்பு. அந்த ரிட் வெறுமனே தள்ளுபடியானால் உங்கள் கையில் இருப்பது அதே பழைய அவார்டுதான், உயர் நீதிமன்றம் புதிதாக எந்தக் கட்டளையும் இடவில்லை. 'ஹைகோர்ட்டே உறுதி செய்துவிட்டதே' என்று அவமதிப்பு மனு போட்டுத் தோற்பது இங்கேதான். வாதத்தின் முடிவில் எழுந்து, 'மனு தள்ளுபடி செய்யப்படும்பட்சத்தில், அவார்டை நான்கு வாரத்துக்குள் நிறைவேற்ற மனுதாரருக்கு உத்தரவிட வேண்டும்' என்று கேட்டு, அந்த ஒரு வாக்கியம் தீர்ப்பில் ஏறியிருக்கிறதா என்று நகல் வந்த அன்றே சரிபாருங்கள். இடைக்காலத்தில் 17பி-யின்படி கடைசிச் சம்பளம் கேட்டு, வேறு எங்கும் வேலையில் இல்லை என்ற பிரமாணப் பத்திரத்தோடு மனு போடுங்கள். அதில் வரும் உத்தரவும் உயர் நீதிமன்ற உத்தரவுதான். நிபந்தனையோடு ஸ்டே கொடுத்திருந்தால் நிபந்தனையை மீறிய நாளைக் குறித்து வையுங்கள், ஸ்டேயை நீக்கக் கேட்பது அவமதிப்பைவிட வேகமாகப் பலன் தரும்.

அவமதிப்பு மனு போடும் கட்டம் வந்தால் அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 20-ஐ மறக்க வேண்டாம். அவமதிப்பு நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து ஓராண்டு. 2001-ல் பல்லவ் சேத் வழக்குக்குப் பிறகு, ஓராண்டுக்குள் மனு தாக்கலாகியிருந்தால் போதும். எட்டு வாரக் கெடு முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். கம்பெனியின் பெயரை மட்டும் போடாமல், உத்தரவு தெரிந்தும் நிறைவேற்றாத பொறுப்பான அதிகாரியைப் பதவியோடு எதிர்மனுதாரராகச் சேருங்கள். உத்தரவு நகல் அவர் கைக்குப் போனதற்கான ஒப்புகை இல்லாவிட்டால் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிக்க முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தகராறு நிலுவையில் இருக்கும்போது பிரிவு 33-ஐ மீறி வேலை நிபந்தனையை மாற்றுவது, நீக்குவது எல்லாம் கோர்ட் அவமதிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு வழி 33ஏ: அதே தீர்ப்பாயத்தில் எழுத்து மூலம் புகார், அதைத் தகராறாகவே எடுத்து விசாரிப்பார்கள். 33(2)(பி)-யின் கீழ் ஒப்புதல் கேட்காமலே நீக்கினால் அந்த நீக்கம் செயல்படாது என்று 2002-ல் ஜெய்ப்பூர் ஜில்லா சஹகாரி வங்கி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அவமதிப்பு மனுவைவிட இது எத்தனையோ மடங்கு பலம்.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2020 அமலில் இருக்கிறது. அதில் லேபர் கோர்ட் என்ற அமைப்பே இல்லை, தொழில் தீர்ப்பாயம் மட்டும்தான். நீதித்துறை உறுப்பினரோடு நிர்வாக உறுப்பினர் ஒருவரும் உண்டு. அவார்டை மீறினால் அபராதம் 20,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை, அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் கூடியிருக்கிறது, சிறைக்காலம் குறைந்திருக்கிறது. தனி அவமதிப்பு அதிகாரம் இந்தத் தொகுப்பிலும் எழுதப்படவில்லை. அமர்வில் நிர்வாக உறுப்பினர் உட்காரும்போது, 1998 தீர்ப்பின் 'நீதித்துறைப் பணி' என்ற வாதம் பழைய லேபர் கோர்ட்டுக்குப் பொருந்திய அளவுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆகவே இனி மனு எழுதும்போது, முதல் பத்தியிலேயே அவார்டு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, எந்தத் தேதியில் அமலானது என்பதை எழுதிவிட்டு மேலே போங்கள்.